திரும்பி ஓடியவன்

1

நான் ஒரு பொய் சொன்னேன். அதைக் கேட்ட பொடியன் ஒருவன் பாரிஸிலிருந்து புறப்பட்டுப் போய் ஊரில் இறந்துபோனான். என் பொய்தான் அவனைக் கொன்றது என்று எழுதினால், அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பெருமையாகிவிடும். அவன் போவதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் போவதற்கு முன் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். சரியான பதில் எனக்குத் தெரியும். நான் வேறு பதிலைச் சொன்னேன்.

அவன் பெயர் ரூபன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் குணத்தின் தம்பி. நான் சொன்ன பொய் ரூபனைப் பற்றியதல்ல. டெக்லன் என்ற ஐரிஷ் இளைஞன் ஒருவனைப் பற்றியது. டெக்லனை நான் கண்டதில்லை. நான் பாரிஸுக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவன் வட அயர்லாந்தின் ஒரு சிறு பட்டணத்தில் குண்டு வெடித்துச் செத்துப்போனான். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த குடியரசுவாதிகளின் ஆயுத இயக்கத்தில் அவன் ஓர் உறுப்பினன்.

ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலர் டெக்லனைப் பற்றி நான் பேசியதைக் கேட்டிருக்கக்கூடும். அந்த நாட்களில் என் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்து அங்கேயும் அனுப்பினார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கேட்டது நடந்த கதையல்ல.

2

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் படிப்பித்தவன் நான். பாரிஸில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பிளோஞ். பாத்திரம் கழுவுவதற்கு இங்கே எல்லாரும் சொல்லும் பெயர் அது. அதே குசினியில் சலாட்டும் இனிப்பும் செய்துகொண்டிருந்தவள் மேவ் என்ற ஐரிஷ்காரி. இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை என்பதால் ஆங்கிலத்தில் கதைத்துக்கொள்வோம். அதைக் கேட்டுக் கேட்டு, தலைமைச் சமையற்காரன் எங்கள் இருவரையும் "ஆங்கிலேயர்கள்" என்று கூப்பிடத் தொடங்கினான். அந்தப் பட்டத்துக்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத இரண்டு பேர் நாங்கள். மேவ் ஒவ்வொரு தடவையும் கத்தியை மேசையில் குத்திவிட்டு, "இன்னொரு தரம் சொல்லு பார்ப்போம்" என்பாள். அவன் இன்னொரு தரம் சொல்வான்.

வேலையில்லாத நேரங்களில் நான் கேஸ் எழுதினேன். அகதி அந்தஸ்து கேட்பவன் தனக்கு நடந்ததை எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஒழுங்குபடுத்தி, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பேன். குணத்தின் கேஸும் நான் எழுதியதுதான். அவனுடைய ஊருக்குள் ஆமி வந்தபோது குடும்பத்தோடு ஓடியவன், கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட மறந்துபோனதை நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறான். அங்கேதான் பிடிபட்டான்.

"மாட்டை வெட்டவேணும்" என்றேன் நான்.

"ஐயோ, என்ன மாஸ்டர் கதைக்கிறியள்!"

"கேஸிலை இருந்து. உயிருக்குப் பயந்து ஓடினவன் மாட்டுக்காகத் திரும்பிப் போனவன் எண்டால், ஆபத்து அவ்வளவு இல்லைத்தானே எண்டு கேப்பினம். நீ வீட்டிலையே பிடிபட்டனி. விளங்குதோ?"

மாடில்லாமல் கேஸ் எழுதினோம். குணத்துக்கு இங்கே வசிப்பதற்கான கார்ட் கிடைத்தது. அகதி அலுவலகத்துக்கு நேரான கதை வேண்டும். மனிதர்கள் நேராக ஓடுவதில்லை. போனவன் திரும்பி வருவான், வந்தவன் எதையோ மறந்துவிட்டு மறுபடி போவான். திரும்பிப் போனதையெல்லாம் வெட்டி வெட்டி அது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கேஸ் எழுதியதற்காக நான் வருந்தவில்லை. அந்தக் கத்தரிக்கோலை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனதற்காக வருந்துகிறேன்.

3

மேவ் தன் தம்பியைப் பற்றிச் சொன்னது ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரத்தில். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, இருவரும் கரட் சீவிக்கொண்டிருந்தோம். பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லையா என்று நான் சும்மாதான் கேட்டேன்.

"போனால் வீட்டுச் சுவரில் என் தம்பியின் படம் இருக்கும். அதற்குக் கீழே பொய் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது" என்றாள்.

டெக்லன் பதினாறு வயதில் ஒரு பேக்கரியின் பாண் வானில் வேலைக்குச் சேர்ந்தவன். காலையில் வீடு வீடாகப் பாண் கொடுப்பான். நாய்க்குப் பயம், ஒவ்வொரு நாய்க்கும் எறிவதற்குக் காய்ந்த பாண்துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்திருப்பான். கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் தெரியாத மனிதர் இல்லை. ஒரு விடியற்காலையில் பட்டாளத்தினர் வீட்டைச் சோதனையிட வந்து, தகப்பனை உள்ளுடுப்போடு தெருவில் நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் டெக்லன் இயக்கத்தில் சேர்ந்தான்.

இதைச் சொன்னபோது மேவ் என்னைப் பார்த்து, "உனக்கு இதை விளக்கத் தேவையில்லை, இல்லையா?" என்றாள். தேவைப்படவில்லை.

அவன் கையில் அவர்கள் ஒருநாளும் துவக்குக் கொடுக்கவில்லை. செய்தி கொண்டுபோவான், சந்தியில் காவல் நிற்பான். பிறகு ஒருநாள் ஒரு பொறுப்பு வந்தது. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குண்டு வைத்த காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் இரகசியச் சொல்லோடு எச்சரிக்கை சொல்வார்கள். பொலிஸ் வந்து சனங்களை அகற்றும். கட்டடம் போகவேண்டும், ஆட்கள் போகக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. காரை நிறுத்தியது வேறு ஆட்கள். டெக்லனின் வேலை அந்த அழைப்பு மட்டும்.

அதற்குக் குறித்த இடம் தேவாலயத்துக்கு எதிரேயிருந்த தொலைபேசிக் கூண்டு. முந்திய வாரத்துக் கலவரத்தில் அரசாங்கச் சொத்தென்று அந்தக் கூண்டை உடைத்த கூட்டத்தில் டெக்லனும் நின்றிருக்கிறான். திட்டம் போட்டவர்கள் வெளியூர்க்காரர். அவர்களுக்கு அது தெரியாது. டெக்லன் சொல்லவில்லை. சொன்னால், பயந்துபோய்ச் சாட்டுச் சொல்கிறான் என்று நினைப்பார்கள் என்று பயந்தான். எப்போதும்போல் இதற்குள் திருத்தியிருப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

திருத்தியிருக்கவில்லை. போனின் வயர் அறுந்து தொங்கியது. கூட வந்த சிநேகிதனோடு அடுத்த கூண்டுக்கு ஓடினான். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தட்டினான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். நேரம் முடிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஒழுங்கைக்குள் போய் ஒளிந்துகொள்வோம் என்று சிநேகிதன் சட்டையைப் பிடித்து இழுத்தான். டெக்லன் உதறிவிட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பி ஓடினான், கார் நின்ற பக்கமாக.

ஓடிக்கொண்டே பெயர்களைச் சொல்லிக் கத்தினானாம். இறைச்சிக்கடைக்காரரின் பெயர், தையற்கடைப் பெண்ணின் பெயர், அவன் பாண் கொடுக்கிற எல்லாருடைய பெயரும். தங்கள் பெயரைக் கேட்டவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவன் முகத்தைக் கண்டதும் ஓடினார்கள். சப்பாத்துக்கடை வாசலில் ஒரு பெண் நின்றாள். அந்தப் பட்டணத்துக்குப் புதிதாக வந்தவள். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வந்திருந்தாள். அவளுடைய பெயர் மட்டும் அவனுக்குத் தெரியாது. அவன் அவளருகே போய்ச் சேர்ந்த நேரத்தில் கார் வெடித்தது. இருவரும் செத்தார்கள். டெக்லனுக்கு வயது பத்தொன்பது.

கடமையின்போது வீரச்சாவு என்று இயக்கம் அறிவித்தது. தேர்த்திருவிழா மாதிரி ஊர்வலம், வானத்தை நோக்கி வேட்டு, படம். சிநேகிதன் பிறகொருநாள் தாயின் காலடியில் இருந்து அழுது எல்லாவற்றையும் சொன்னான். தாய் அதை மேவுக்குச் சொன்னாள்.

"அவன் செய்ததில் அவனுக்கே சொந்தமானது அந்த ஓட்டம் ஒன்றுதான்" என்றாள் மேவ். "அதைத்தான் எடுத்துவிட்டார்கள்." பிறகு, "நீ வாத்தியார். எங்காவது இதைச் சொல்லுவாய். சொன்னால் அந்தப் பெண்ணையும் சேர்த்துச் சொல்லு" என்று பெண்ணின் பெயரையும் சொன்னாள்.

சரி என்றேன்.

4

லாச்சப்பலில் பிலிப்-து-ஜிரார் தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி நடந்தது. நான் அங்கே சரித்திரம் படிப்பித்தேன். விழாக்களில் பேசினேன். ஒரு விழாவில் டெக்லனைப் பற்றிப் பேச எழுந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எழுந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும் என்றில்லை.

கூண்டு உடைந்திருந்த இடத்துக்குக் கதை வந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "தாங்களே உடைச்சுப்போட்டுத் தாங்களே தேடினவையாம்!" மண்டபம் முழுவதும் சிரிப்புப் பரவியது. எனக்கு முகம் சூடாகியது. அந்த இடத்தில் கத்தரித்தேன். மாட்டை வெட்டியதுபோல் அடுத்த கூண்டை வெட்டினேன், பயத்தை வெட்டினேன், பெண்ணை வெட்டினேன். என் டெக்லன் வேறு போன் தேடவில்லை. நேரே காரில் ஏறி, பட்டாள முகாமின் வாசலை நோக்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வசனம் அதுதான்: "அவன் திரும்பிப் பார்க்கவில்லை." மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அதன்பிறகு உண்மையைச் சொல்ல நான் எத்தனிக்கவும் இல்லை. எந்த விழாவிலும் ஐரிஷ் கதை கேட்டார்கள். சொல்லச் சொல்ல முகாம் பெரிதாகியது. நான் மண்டபத்தில் அதைப் பேசிக்கொண்டிருந்த சனிக்கிழமைகளில் என் மகள் கணித ரியூசனில் இருந்தாள். அவள் ஊருக்குச் சண்டைக்குப் போய்விடுவாளோ என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. அவளை நான் அந்தக் கூட்டங்களுக்குக் கூட்டிப்போகவே இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ரூபன் எல்லாக் கூட்டத்துக்கும் வருவான். பதினேழு வயதில் அண்ணனிடம் வந்தவன். கடையில் பெட்டி இறக்குவான். தெருவில் போகிற வருகிற எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பஸ் ஓட்டுகிற அல்ஜீரியக்காரரைக்கூட. ஒருநாள் கூட்டம் முடிந்து என்னோடு மெட்ரோ வரை நடந்துவந்தான். லாச்சப்பல் நிலையம் தெருவுக்கு மேலே இரும்புப் பாலத்தில் இருக்கிறது. அதன் கீழே நின்றோம்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ? சிரிக்கக்கூடாது."

"கேள்."

"அந்த ஐரிஷ் பொடியன் பயந்தவனோ?"

மேலே ஒரு ரயில் போனது. அது போய்முடியும் வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது.

"இல்லை. பயப்படேல்லை."

"கொஞ்சம்கூடவோ?"

"கொஞ்சம்கூட இல்லை."

ரூபன் சிரித்தான். "அப்ப பிழை என்னிலைதான். எனக்குப் பல்லுப் புடுங்கப் போகவே கால் நடுங்குது."

நானும் சிரித்தேன். அவன் தோளில் தட்டிவிட்டுப் படியேறினேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு அவன் கடைக்கு வரவில்லை. இயக்கத்தில் சேர இந்தியா வழியாக ஊருக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. பிறகு ஒரு பங்குனி மாதத்தில் அவன் வீரச்சாவடைந்த செய்தி வந்தது. ஒரு திகதியும் ஓர் இடத்தின் பெயரும் மட்டும். உடல் இல்லை.

5

ஒவ்வொரு பங்குனியிலும் பாரிஸின் புறநகரான பொபினியில் குணத்தின் வீட்டில் ரூபனின் நினைவுநாள். மனைவி சாந்தி அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைப்பாள். படத்துக்கு விளக்கு. பிறகு குணம் என்னைப் பார்த்து, "மாஸ்டர், அவனுக்குப் பிடிச்ச கதையைச் சொல்லுங்கோ" என்பான். நானும் சொல்வேன். போர் முடிந்த பிறகும், குணத்தின் கேஸைக் கொண்டு நானும் அவனும் குளிரில் வரிசையில் நின்ற பொபினி பிரிஃபெக்ச்சர் அலுவலகத்தில் அவனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகும், அவன் மகன் கெவின் பிறந்து, வளர்ந்து, தகப்பன் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கிய பிறகும் சொன்னேன். சொல்லும்போது ரூபனின் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நான் இப்போது ஆர்ஜொந்தெய்யில் மகளின் குடும்பத்தோடு இருக்கிறேன். பேத்தி தாரணி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னோடு தொடங்கும்போது தமிழில் தொடங்குவாள். மூன்றாவது வசனத்தில் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். சென்ற மாசியில் படிப்பின் ஒரு பகுதியாக அயர்லாந்துக்குப் போனாள். போய்ச் சில நாளில் போன் எடுத்தாள்.

"அம்மப்பா, உங்கட டெக்லன்ரை ஊருக்கு இஞ்சையிருந்து பஸ் இருக்கு. இந்த வீக்கெண்ட் போறன். அவர் அடிச்ச அந்த முகாம் எந்த ரோட்டிலை?"

அவளுக்கு அந்தக் கதை தெரியும் என்பதே எனக்கு நினைவில்லை. சின்னப் பிள்ளையாகக் குணம் வீட்டில் என் மடியில் இருந்து கேட்டிருக்கிறாள்.

"அங்கை முகாம் இல்லை" என்றேன்.

"இடிச்சுப்போட்டினமோ?"

"இருந்ததே இல்லை, பிள்ளை."

பிறகு முழுவதையும் சொன்னேன். கூண்டு, நாய்க்கு எறியும் பாண், பெயர்கள், அந்தப் பெண். ரூபன் பாலத்தின் கீழே கேட்டதையும் நான் சொன்ன பதிலையும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரெசிஸ்தோ என்றால் எதிர்த்துப் போராடியவர், தெரொரிஸ்த் என்றால் பயங்கரவாதி என்று இரண்டு சொற்கள் படிப்பித்திருந்தார்கள். டெக்லன் இதில் எது என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது அதை அல்ல.

"குணம் மாமாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அதற்குமேல் அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: "எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. நான் ஒன்றையும் இழக்கவில்லை. அவருக்குச் சொல்லுங்கள்."

6

பங்குனி வந்தது. சென் லாசார் நிலையத்துக்கு ரயிலில் வந்து, மாறி மாறிப் பொபினிக்குப் போகும் வழி முழுவதும், திரும்பிப் போகச் சொல்லி ஒரு குரல் எனக்குள் இருந்தது. திரும்பக்கூடாது, உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். இந்த வயதில் ஒரு முடிவை வீட்டிலிருந்து பொபினி வரைக்கும் உடையாமல் கொண்டுபோவதே பெரிய பாடு.

கணவாய்க் கறி வாசனை. விளக்கு. சாந்தி, காதில் போனின் வயரோடு கெவின், இரண்டொரு உறவினர்.

"மாஸ்டர், சொல்லுங்கோவன்" என்றான் குணம்.

"குணம், இத்தனை வருசமும் நான் சொன்னது பொய்" என்று தொடங்கினேன். தொடங்கியதை நிறுத்தவில்லை. பாண் வானில் தொடங்கிப் பாலத்தின் கீழ் முடித்தேன். பல்லுப் பிடுங்குவதைப் பற்றி ரூபன் சொன்னதை நான் சொன்னபோது சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கெவின் காதிலிருந்த வயரைக் கழற்றியிருந்தான்.

குணம் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"நான் மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனதை வெட்டினியள். சரி. எனக்குக் கார்ட் வேணும். அந்தப் பொடியன் திரும்பி ஓடினதை என்னத்துக்கு மாஸ்டர் வெட்டினியள்? செத்தவனுக்கு என்ன கார்ட்?"

"கைதட்டினவை" என்றேன். உண்மையில் அதுதான் பதில்.

"பயந்தவன் எண்டு சொல்லியிருந்தால் என்ர தம்பி நிண்டிருப்பான் எண்டு சொல்ல வாறியளோ?"

"தெரியாது, குணம். பயப்பிடுறது பிழையில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு முடிவெடுத்திருப்பான்."

"அந்த மனிசி. செத்த மனிசி. பேர் என்ன?"

மேவ் எனக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள். கரட் சீவிய கத்தி நினைவிருக்கிறது, அவள் கையில் கட்டியிருந்த பிளாஸ்டர் நினைவிருக்கிறது. பெயர் வரவில்லை. ஒரு தடவைகூட நான் அதை வாயால் சொன்னதில்லை.

"மறந்துபோச்சு."

குணம் எழுந்தான். "பேரையும் துலைச்சுப்போட்டுத்தான் பாவமன்னிப்புக் கேக்க வந்தனியள்" என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "சாப்பாட்டைப் போடு. செத்தவன்ர நாளிலை ஆரையும் பசியோடை அனுப்பேலாது" என்றான். என்னிடம்: "சாப்பிட்டிட்டுப் போங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ."

எல்லாரும் பார்த்திருக்கச் சாப்பிட்டேன். சாந்தி இரண்டாம் தரமும் கறி போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

7

லாச்சப்பலில் ஒரு செய்தி பரவ மெட்ரோவைவிடக் குறைந்த நேரம் போதும். அடுத்த சனிக்கிழமை தேநீர்க்கடையில் எனக்குக் கேட்கும்படியே ஒருவர் சொன்னார்: "மாஸ்டருக்கு வயசு போட்டுது. உப்பிடித்தான் கதைப்பார்." இன்னொருவர், "இல்லை, ஆரோ சொல்லிக் குடுத்துக் கதைக்கிறார்" என்றார். தமிழ்ப்பள்ளிக்குப் போய், உயர்வகுப்புப் பிள்ளைகளிடம் பேசவேண்டும், முன்பு சொன்னதைத் திருத்தவேண்டும் என்று கேட்டேன். நிர்வாகி என்னைவிட இளையவர், என்னிடம் படித்தவர். "இப்ப என்னத்துக்கு, சேர்? அந்தப் பிள்ளையளுக்கு உந்தக் கதையே தெரியாது" என்றார். நான் கெடுத்த பிள்ளைகள் இப்போது தகப்பன்மார். அவர்களை ஒரு வகுப்பில் இருத்த முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

ஆனால் முதலில் பெயரைக் கண்டுபிடிக்கவேண்டும். மேவ் பாரிஸை விட்டுப் போய்ப் பல காலம். உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியாது. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை என்றே வைத்துக்கொள்ளவேண்டும். மாசியில் அந்தப் பயணத்தைக் கைவிட்டிருந்த தாரணியிடம் கேட்டேன். மழைக்குள் அந்தப் பட்டணத்துக்குப் போனாள்.

அங்கிருந்து போனில் விபரித்தாள். ஒரு வீட்டின் பக்கச் சுவர் முழுவதும் டெக்லனின் ஓவியமாம். கையில் துவக்கு. "அவர் துவக்குத் தொட்டதே இல்லையெண்டு சொன்னீங்கள்!" கண்ணில் பயமில்லை. நான் மண்டபத்தில் வரைந்த அதே ஆள்தான். பெண்ணைப் பற்றி அதில் எதுவும் இல்லை. சப்பாத்துக்கடை இருந்த இடத்தில் இப்போது தலைமுடி வெட்டும் கடை. அதன் வாசலோரம், முழங்கால் உயரத்தில், ஒரு சிறு தகடு. குனிந்தால்தான் தெரியும். தாரணி குனிந்து பார்த்திருக்கிறாள். கடைக்காரி வெளியே வந்து, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் மகள் ஒவ்வொரு வருடமும் வந்து தகட்டைத் துடைத்துவிட்டுப் போவாளாம்.

பெயர் கிடைத்த மறுநாளே லாச்சப்பலுக்குப் போனேன்.

குணம் வீட்டுக்கு வராதே என்றுதான் சொன்னான். கடைக்கு வராதே என்று சொல்லவில்லை. நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் தட்டில் வைப்பேன். நிறுப்பான், விலையைச் சொல்லுவான், வேறு பேச்சில்லை. முன்பெல்லாம் கேளாமலே பைக்குள் ஒரு பிடி கறிவேப்பிலை போட்டுவிடுவான். பாரிஸில் கறிவேப்பிலை அபூர்வம்; தெரிந்தவர்களுக்குத்தான் சும்மா கிடைக்கும். பங்குனிக்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் காத்து நின்றார்கள். முருங்கைக்காயை அவன் தராசில் வைத்தபோது சொன்னேன்.

"ஆக்னஸ்."

கை நின்றது. "ஆர்?"

"அந்தச் சப்பாத்துக்கடை மனிசி. ஆக்னஸ். பேத்தி போய்ப் பாத்துக்கொண்டு வந்தவள். மகள் இருக்கிறாவாம்."

குணம் முருங்கைக்காயை எடுத்துத் திரும்ப வைத்தான். "எங்கட பக்கத்து வளவிலையும் ஒரு ஆக்னஸ் அக்கா இருந்தவ. வேதக்காரர். ரூபனைத் தூக்கி வளர்த்தவ" என்றான். பிறகு அந்தப் பெயரை, யாரையோ கூப்பிடுவதுபோல், தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான்.

"அண்ணை, கொஞ்சம் கெதியாப் பாருங்கோ" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"ஓம், ஓம், பொறு பிள்ளை." என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினான். "ரூபன் செத்த இடத்திலை வேறை ஆரும் செத்தவையோ, மாஸ்டர்?"

"எனக்குத் தெரியாது, குணம்."

"எனக்கும் தெரியாது. இத்தனை வருசமா விளக்குக் கொளுத்துறன். ஒருநாளும் கேக்கேல்லை." பையின் வாயை முடிந்தான். "கேக்கவேணும்."

"ஓம். கேப்பம்."

"அடுத்தது ஆர்? வாங்கோ பிள்ளை."

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். கத்தரிக்காய், பயற்றங்காய், முருங்கைக்காய். கறிவேப்பிலை இல்லை. அடுத்த சனிக்கிழமையும் போவேன்.